தொண்டின் முதல் கேள்வி

மதிலில் ஒரு சிறிய கதவு

சிங்கப்பூரில் பிராஸ் பசா சாலையும் விக்டோரியா ஸ்திரீட்டும் சந்திக்கும் மூலைக்கு அருகில் ஒரு பழைய மதில் இருக்கிறது. அந்த மதிலில் ஒரு சிறிய கதவு உண்டு. மதிலுக்கு உள்ளே இருக்கும் வளாகத்தை இன்று ‘சைம்ஸ்’ என்று அழைக்கிறார்கள். அங்கே உணவகங்களும் கடைகளும் நிறைந்திருக்கின்றன. மாலை நேரத்தில் வண்ண விளக்குகள் ஒளிரும். திருமண விருந்துகள் நடக்கும். சுற்றுப்பயணிகள் படம் எடுத்துக்கொள்வார்கள். அவர்களில் பலர் அந்தச் சிறிய கதவைக் கவனிக்காமலே கடந்து போகிறார்கள்.

அந்தக் கதவுக்கு ‘நம்பிக்கை வாயில்’ என்று பெயர். ஒரு காலத்தில், தங்கள் குழந்தையை வளர்க்க முடியாத பெற்றோர் அந்தக் கதவருகே குழந்தையை வைத்துவிட்டுச் சென்றார்கள். சில குழந்தைகள் கூடையில் இருந்தன. சில குழந்தைகள் பழந்துணியில் சுற்றப்பட்டிருந்தன. வறுமை, நோய், தாயின் இறப்பு எனக் காரணங்கள் பலவாக இருந்தன. பெண்ணாகப் பிறந்ததே சில குழந்தைகளுக்குக் குற்றமாகிப் போனது. புலி ஆண்டில் பிறந்த பெண் குடும்பத்திற்கு ஆகாது என்ற மூடநம்பிக்கையும் அன்று சீனர்களில் சிலரிடம் இருந்தது. கதவைத் திறந்து குழந்தையை எடுத்துச் சென்றவர்கள் உள்ளே வாழ்ந்த கன்னியர்கள். அது யார் பெற்ற குழந்தை, எந்த இனம், எந்தச் சமயம் என்று அவர்கள் விசாரித்துக்கொண்டிருக்கவில்லை. குழந்தைக்குப் பசிக்கிறதா, காய்ச்சல் அடிக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தார்கள்.

பள்ளியும் இல்லமும்

1854ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் மாத்தில்ட் ராக்லோ என்னும் பிரெஞ்சுப் பெண்மணி, தம் சபையைச் சேர்ந்த சில சகோதரிகளுடன் கப்பலில் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தார். அவர் குழந்தை இயேசு சபையைச் சேர்ந்த கன்னியர். அதற்கு முன்பு அவர் பினாங்கில் பணியாற்றியிருந்தார். பினாங்கில் அச்சபையினர் 1852இல் தொடங்கிய கான்வென்ட் பள்ளி இந்த வட்டாரத்தின் மிகப் பழைய பெண்கள் பள்ளிகளுள் ஒன்று.

சிங்கப்பூரில் அவர்களுக்காக ஒரு வீடு காத்திருந்தது. ‘கால்டுவெல் இல்லம்’ என்னும் அந்த வீட்டை வாங்கி வைத்திருந்தவர் பெரல் என்னும் பிரெஞ்சுப் பாதிரியார். பையன்களுக்காக 1852இல் செயின்ட் ஜோசப் பள்ளி தொடங்கப்படவும் அவரே காரணமாக இருந்தார். சகோதரிகள் வந்த சில நாள்களிலேயே வகுப்புகள் ஆரம்பமாயின. கட்டணம் செலுத்தும் மாணவிகளுக்கு ஒரு வகுப்பு நடந்தது. ஆதரவற்ற பிள்ளைகளுக்கும் ஏழைப் பிள்ளைகளுக்கும் வேறொரு வகுப்பு நடந்தது. இப்படி, பள்ளியும் ஆதரவற்றோர் இல்லமும் ஒரே மதிலுக்குள் வளர்ந்தன.

இல்லத்தை நடத்துவது எளிதாக இருக்கவில்லை. பால், மருந்து, துணி என எல்லாவற்றிற்கும் பணம் வேண்டும். இல்லத்தில் வளர்ந்த பெண்கள் தையலும் பூவேலையும் கற்றுக்கொண்டார்கள். அவர்கள் தைத்த துணிகளை விற்ற பணமும் இல்லத்தின் செலவுக்கு உதவியது.

இதில் எண்ணிப் பார்க்க வேண்டிய ஒன்று உண்டு. கட்டணம் செலுத்திய பிள்ளையும் கூடையில் வந்த பிள்ளையும் ஒரே மதிலுக்குள் இருந்தார்கள். ஆனாலும், இருவரும் ஒரே வகுப்பில் அமரவில்லை. கதவு எல்லாருக்கும் திறந்தது. உள்ளே சென்ற பிறகு வரிசை வேறாக இருந்தது. அது அந்தக் காலத்தின் வழக்கம். கொடுப்பவர் மேலே, பெறுபவர் கீழே என்ற எண்ணம் நல்ல மனம் உள்ளவர்களிடமும் எளிதில் புகுந்துவிடும். தொண்டு செய்யப் புறப்படும் எவரும் இதை மறந்துவிடக்கூடாது.

1983ஆம் ஆண்டு அந்தப் பள்ளி தோ பாயோவுக்கு இடம் மாறியது. பழைய வளாகத்தில் இருந்த தேவாலயமும் கால்டுவெல் இல்லமும் தேசியச் சின்னங்களாகப் பாதுகாக்கப்படுகின்றன. சிறிய கதவும் அங்கேயே இருக்கிறது.

இலத்தீனா, தாய்மொழியா?

இத்தகைய பள்ளிகளின் தொடக்கத்தை அறிய இன்னும் பின்னோக்கிச் செல்ல வேண்டும். பதினேழாம் நூற்றாண்டில் பிரான்சின் ரூவான் நகரில் நிக்கோலா பாரே என்னும் துறவி, ஏழைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கச் சில பெண்களை ஒன்று திரட்டினார். அந்த முயற்சியிலிருந்து வளர்ந்ததே குழந்தை இயேசு சபை.

அதே நூற்றாண்டில், ரேன்ஸ் நகரின் செல்வக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர் ஜான் பாப்டிஸ்ட் டி லசால். அவர் 1651இல் பிறந்து 1719இல் மறைந்தார். செயின்ட் ஜோசப் பள்ளியை நடத்திய லசால் சகோதரர்களின் சபையை நிறுவியவர் அவரே. ஏழை மாணவர்களுக்குக் கற்பித்த ஆசிரியர்களோடு சேர்ந்து வாழ, அவர் தம் உயர்ந்த பதவியைத் துறந்தார். நாட்டில் பஞ்சம் வந்தபோது தம் செல்வத்தையும் ஏழைகளுக்கு உணவாகக் கொடுத்துவிட்டார்.

ஆயினும், அவர் செய்த இன்னொரு மாற்றம் அதைவிடப் பெரியது என்று சொல்லலாம். அன்று பள்ளிகளில் பிள்ளைகள் முதலில் இலத்தீன் மொழியில்தான் படிக்கக் கற்றுக்கொண்டார்கள். அதுதான் படித்தவர்களின் மொழி, அதுதான் பெருமை. ஆனால், ஏழைப் பிள்ளைகள் பல ஆண்டுகள் பள்ளிக்கு வர முடியாது. கொஞ்சம் வளர்ந்ததும் வேலைக்குப் போய்விடுவார்கள். இலத்தீனை முடிப்பதற்குள் அவர்களின் பள்ளிக் காலம் முடிந்துவிடும். எனவே, லசால் தம் பள்ளிகளில் பிள்ளைகள் வீட்டில் பேசிய பிரெஞ்சு மொழியிலேயே முதலில் படிக்கக் கற்பித்தார்.

அந்தப் பள்ளிகள் கொடுக்க விரும்பியதைக் கொடுக்கவில்லை. பிள்ளைக்குத் தேவையானதைக் கொடுத்தன. இரண்டிற்கும் இடையே உள்ள வேறுபாடு பெரிது. அந்த வேறுபாடு இன்றைய மாணவர்களின் தொண்டூழியத்திற்கும் பொருந்தும்.

ஆறு மணி நேரம்

இன்று சிங்கப்பூரில் உள்ள கத்தோலிக்கப் பள்ளிகளில் எல்லா இனத்தவரும் எல்லாச் சமயத்தவரும் படிக்கிறார்கள். காலையில் கொடியேற்றமும் தேசிய உறுதிமொழியும் நடக்கின்றன. ஜெபம் சொல்லப்படும்போது கத்தோலிக்க மாணவர்கள் அதில் சேர்ந்துகொள்கிறார்கள்; மற்றவர்கள் அமைதியாக நிற்கிறார்கள். பிறகு கணிதம், அறிவியல், தாய்மொழி என்று பாடங்கள் தொடங்கிவிடும். இடைவேளையில் உணவகத்தில் நீண்ட வரிசை. பிற்பகலில் இணைப்பாட நடவடிக்கை. மற்றப் பள்ளிகளைப் போலவே ஓட்டமும் சாட்டமுமான வாழ்க்கைதான்.

இந்த ஓட்டத்தின் நடுவில் சமூகத் தொண்டும் இடம்பெறுகிறது. 1997இல் கல்வி அமைச்சு எல்லாப் பள்ளிகளுக்குமாகச் சமூக ஈடுபாட்டுத் திட்டத்தை அறிமுகப்படுத்தியது. மாணவர்கள் ஆண்டுக்குக் குறைந்தது 6 மணி நேரமாவது தொண்டு செய்ய வேண்டும் என்பது அதன் விதியாக இருந்தது. பலர் ஆர்வத்தோடு செய்தார்கள். சிலருக்கோ மணிக்கணக்கே முக்கியமாகிவிட்டது. ‘இன்னும் எத்தனை மணி நேரம் பாக்கி?’ என்ற கேள்விதான் அவர்கள் வாயிலிருந்து முதலில் வந்தது. 2012இல் அந்தத் திட்டம், நற்பண்புகளைச் செயலில் காட்டும் புதிய திட்டமாக மாற்றப்பட்டது. என்ன செய்வது என்று மாணவர்களே திட்டமிட வேண்டும். செய்த பிறகு, தாங்கள் கற்றது என்ன என்றும் சிந்திக்க வேண்டும். மணியைக் காட்டிலும் மனம் முக்கியம் என்பதே இதன் நோக்கம்.

ஒரு வகுப்பின் திட்டம்

இத்தகைய தொண்டு எப்படி நடக்கலாம் என்பதை அறிய, ஒரு கத்தோலிக்கப் பள்ளியில் உயர்நிலை மூன்றாம் வகுப்பு மாணவிகள் சிலரைக் கற்பனை செய்து பாருங்கள். பள்ளிக்கு அருகில் ஓரறை வாடகை வீடுகள் கொண்ட அடுக்குமாடிக் கட்டடம் ஒன்று இருக்கிறது. அங்கே தனியாக வாழும் முதியவர்களுக்கு அவர்கள் உதவ விரும்புகிறார்கள். ஒவ்வொரு வீட்டிற்கும் ஓர் அன்பளிப்புப் பை கொடுப்பது அவர்களின் திட்டம். பையில் அரிசி, மைலோ, பிஸ்கட், சீனி. பணம் திரட்டியாயிற்று, பைகளும் தயார்.

திட்டத்தைக் கேட்ட ஆசிரியர் ஒரே ஒரு கேள்வி கேட்கிறார்: “இதெல்லாம் வேண்டும் என்று அவர்கள் சொன்னார்களா?”

மாணவிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். யாரும் கேட்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை அவர்கள் மூத்தோர் நிலைய ஊழியர் ஒருவரோடு அந்தக் கட்டடத்திற்குச் செல்கிறார்கள். பைகளையும் எடுத்துக்கொள்கிறார்கள். ஐந்தாம் மாடியில் ஒரு தமிழ்ப் பாட்டி கதவைத் திறக்கிறார். அந்தக் குழுவில் தமிழ் பேசுபவர் ஒரே ஒரு மாணவிதான். அவரும் வீட்டில் பெரும்பாலும் ஆங்கிலமே பேசுபவர். வகுப்பில் படித்த தமிழை நினைவுபடுத்திக்கொண்டு மெதுவாகக் கேட்கிறார்.

“வணக்கம், பாட்டி. உங்களுக்கு... என்ன தேவைப்படுகிறது?”

பாட்டி சிரித்துவிடுகிறார். “டிவியில செய்தி வாசிக்கிற மாதிரி பேசுறியே, கண்ணு! எனக்கு என்ன வேணும்? எல்லாம் இருக்கு. முதல்ல உள்ள வந்து உட்காருங்க.”

உண்மையிலேயே எல்லாம் இருக்கிறது. சமையல் மேடையின் மீது ஏற்கெனவே மூன்று அரிசிப் பொட்டலங்கள் இருக்கின்றன. திறக்கப்படாத மைலோ டின்கள் இரண்டு. வேறு குழுக்கள் வெவ்வேறு பண்டிகைகளில் கொடுத்துச் சென்றவை.

“எனக்குச் சக்கரை வியாதிம்மா. இனிப்பு ஆகாது. ஆசையா கொண்டுவர்ற பிள்ளைங்ககிட்ட எப்படி வேணாம்னு சொல்றது? வாங்கி வச்சுக்குவேன்” என்கிறார் பாட்டி.

கையில் இருக்கும் பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மாணவிகள் நிற்கிறார்கள். அவர்கள் கிளம்பும் நேரத்தில் பாட்டி தயங்கித் தயங்கி ஒரு பழைய பிஸ்கட் டின்னை எடுத்து வருகிறார். அதில் பிஸ்கட் இல்லை. கடிதங்கள் இருக்கின்றன, சில கடிதங்கள் பிரிக்கப்படவே இல்லை.

“இதெல்லாம் இங்கிலீஷ்ல வருது. எனக்குப் படிக்கத் தெரியாது. அவசரமானது ஏதாச்சும் இருக்கானு பாக்குறியா?”

ஊழியர் தலையசைக்க, தமிழ் மாணவி கடிதங்களைப் பிரித்துப் படிக்கிறார். ஒன்று மின்சாரக் கட்டண ரசீது. ஒன்று விளம்பரம். மூன்றாவது, மருத்துவமனையிலிருந்து வந்தது. கண் பரிசோதனைக்கு வரவேண்டிய நாள் அதில் குறிப்பிடப்பட்டிருக்கிறது. அந்த நாள் கடந்து ஒரு மாதம் ஆகிவிட்டது. நீரிழிவு நோய் உள்ளவர்களுக்குப் பார்வை மெல்ல மெல்லப் பாதிக்கப்படலாம். தொடக்கத்தில் வலியோ அறிகுறியோ தெரியாமலும் போகலாம். அதனால்தான் அவர்கள் தவறாமல் கண்ணைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும் என்று மருத்துவர்கள் கூறுகிறார்கள். இதை எப்படித் தமிழில் சொல்வது? ‘அப்பாயிண்ட்மெண்ட்’ என்பதற்குத் தமிழ்ச் சொல் மாணவியின் நினைவுக்கு வரவில்லை.

“பாட்டி, கண் டாக்டரைப் பார்க்க... ஒரு நாள் கொடுத்திருந்தார்கள். அது...”

“அப்பாயிண்ட்மெண்டா? போயிருச்சா?” என்று கேட்கிறார் பாட்டி. அவர் முகத்தில் இருந்த சிரிப்பு மறைந்துவிடுகிறது. “கொஞ்ச நாளா ஒரு கண்ணு மங்கலாத்தான் இருக்கு.”

ஊழியர் அங்கேயே மருத்துவமனையைத் தொலைபேசியில் அழைத்து வேறு நாள் கேட்டு வாங்குகிறார். மாணவி அந்த நாளையும் நேரத்தையும் பெரிய எழுத்தில் தமிழில் எழுதிக் கதவின் உட்புறம் ஒட்டுகிறார். அந்த ஒரு தாள், அவர்கள் கொண்டுவந்த பையைவிடப் பெரிய உதவியாகிவிடுகிறது.

திறந்திருந்த கதவு

அடுத்த வாரமே வகுப்பின் திட்டம் மாறுகிறது. இருவர் இருவராகச் சேர்ந்து, இரண்டு வாரத்திற்கு ஒருமுறை முதியவர்களைச் சந்திப்பது என்று முடிவெடுக்கிறார்கள். தமிழ், மலாய், மாண்டரின் என்று அவரவர் தாய்மொழி இங்கே பயன்படுகிறது. பள்ளியில் மதிப்பெண்ணுக்காகப் படித்த மொழி, ஒரு முதியவரின் கடிதத்தைப் புரியவைக்கும் கருவியாகிறது. எல்லாருக்கும் ஒரே உதவி தேவைப்படவில்லை. ஒருவருக்குக் கைப்பேசியைப் பயன்படுத்தக் கற்றுத்தர வேண்டியிருக்கிறது. இன்னொருவருக்குக் கூட உட்கார்ந்து சதுரங்கம் ஆட ஆள் வேண்டியிருக்கிறது. மற்றொருவர், “எனக்கு ஒன்றும் வேண்டாம்” என்று கதவைச் சாத்திக்கொள்கிறார். அதையும் மதிக்க வேண்டும் என்று அவர்கள் கற்றுக்கொள்கிறார்கள்.

சில மாதங்களில் தேர்வு வருகிறது. மாணவிகள் படிப்பில் மூழ்கிவிடுகிறார்கள். இரண்டு முறை போகவில்லை. போகமுடியாது என்று சொல்லவும் இல்லை. தேர்வு முடிந்து சென்றபோது பாட்டி கோபப்படவில்லை. கண் மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்ததைச் சொல்கிறார். தேநீர் கலக்கிக் கொடுக்கிறார். பேச்சோடு பேச்சாக ஒன்றைச் சொல்கிறார்.

“நீங்க வர்ற சனிக்கிழமைனு ரெண்டு தடவையும் கதவைத் திறந்தே வச்சிருந்தேன், கண்ணு. பரீட்சைனு எனக்கு எப்படித் தெரியும்? உங்களுக்கு உடம்பு ஏதும் சரியில்லையோனு நெனச்சேன்.”

தமிழ் மாணவி அதை மற்றவர்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்லும்போது குரல் தடுமாறுகிறது. தாங்கள் உதவி செய்யப்போகும் முதியவர், தங்களை நினைத்துக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார் என்பதை அவர்கள் எண்ணிப் பார்த்ததே இல்லை.

அன்று வகுப்பில் நடந்த கலந்துரையாடல் நீண்டு போகிறது. “நாம் தேர்வுக்குப் படித்தது தவறா?” என்று ஒரு மாணவி கேட்கிறார். “படித்தது தவறு இல்லை. சொல்லாமல் விட்டதுதான் தவறு” என்கிறார் இன்னொருவர். தொடங்காத தொண்டு யாரையும் ஏமாற்றாது. தொடங்கிவிட்டுப் பாதியில் நிற்கும் தொண்டு ஏமாற்றிவிடும். எனவே, வர முடியாத நாள்களை முன்கூட்டியே சொல்லிவிடுவது என்று முடிவாகிறது. ஆண்டு இறுதியில் இரண்டாம் வகுப்பு மாணவிகளை அழைத்துச் சென்று முதியவர்களுக்கு அறிமுகப்படுத்தி, பொறுப்பை ஒப்படைப்பது என்றும் தீர்மானிக்கிறார்கள்.

கேட்டறிதலே தொடக்கம்

விக்டோரியா ஸ்திரீட்டில் இருந்த சகோதரிகளுக்கு எந்த நாளில் எந்தக் குழந்தை வரும் என்று தெரியாது. கதவருகே குழந்தை வந்தபோது அதற்கு என்ன தேவை என்று பார்த்தார்கள். லசால், பிள்ளைகளால் எத்தனை ஆண்டு பள்ளிக்கு வர முடியும் என்று பார்த்தார். இன்றைய மாணவர்கள் பார்க்க வேண்டியதும் அதுவே. ‘என்னிடம் கொடுக்க என்ன இருக்கிறது?’ என்பது தொண்டின் இரண்டாம் கேள்வி. ‘அவருக்கு என்ன தேவை?’ என்பதே முதல் கேள்வி.

அந்தக் கேள்வியைக் கேட்பதற்குப் பணம் தேவையில்லை. ஆனால், பதிலைக் கேட்கப் பொறுமை வேண்டும். எல்லாம் இருக்கிறது என்று சொல்பவரிடமும் பிரிக்கப்படாத ஒரு கடிதம் இருக்கலாம். அதை அவர் எடுத்துக் காட்டும்வரை உட்கார்ந்திருக்க நேரம் வேண்டும். மறுபடியும் வருவேன் என்று சொன்னால் வர வேண்டும்.

சிந்தித்து விடையளிக்கவும்

1. ‘கதவு எல்லாருக்கும் திறந்தது, உள்ளே சென்ற பிறகு வரிசை வேறாக இருந்தது.’ இவ்வரியின் பொருளை உம் சொந்த நடையில் விளக்குக.
2. லசால் தம் பள்ளிகளில் இலத்தீனுக்குப் பதிலாகப் பிரெஞ்சு மொழியில் படிக்கக் கற்பித்ததன் காரணம் யாது?
3. வேண்டாத பொருள்களைப் பாட்டி ஏன் மறுக்காமல் வாங்கி வைத்துக்கொண்டார்? இதிலிருந்து அவருடைய பண்பு எவ்வாறு வெளிப்படுகிறது?
4. ‘தொடங்காத தொண்டு யாரையும் ஏமாற்றாது, தொடங்கிவிட்டுப் பாதியில் நிற்கும் தொண்டு ஏமாற்றிவிடும்.’ இக்கருத்தை நீர் ஏற்கிறீரா? காரணம் தருக.
5. உம் அக்கம்பக்கத்தில் வாழும் ஒருவருக்கு உதவத் திட்டமிடுவதாக எண்ணிக்கொள்க. அவருடைய தேவையை அறிய நீர் கேட்க விரும்பும் மூன்று கேள்விகளைத் தமிழில் எழுதுக. பின், அவற்றைப் பேச்சுவழக்கில் உம் நண்பரிடம் கேட்டுப் பழகுக.